பூஜை வைப்பில் ஒரு ஓ.டி.பி.

ஞானதாஸ் சார் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்கிறார். மூக்கின் மேல் இரண்டு கண்ணாடிகள், ஒன்றின் மேல் ஒன்று. காதில் பட்டன் போன். ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிற சபை மூப்பர், அன்றைக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது சரஸ்வதி பூஜை நடக்கும் அறைக்குள்.

இந்தக் காட்சியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அவர் காதில் வைத்திருந்த போனின் மறுமுனையில், ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இத்தனை பேர் இத்தனை தடவை நடித்துக் காட்டிவிட்டதால், நேரில் பார்த்தவளைப் போலவே எழுதலாம் என்று நினைக்கிறேன். வக்கீல் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு; சொன்னால் சாட்சியம் செல்லாது.

எங்கள் ஆபீஸைத் தெரியாதவர்களுக்கு: கேரள எல்லையோரம், பாறசாலையில் மகாதேவன் பிள்ளை சாரின் வீட்டு முன்பக்கம்தான் ஆபீஸ். பெயர்ப்பலகையில் பிள்ளை சார் பெயரும் அதற்குக் கீழே ஞானதாஸ் சார் பெயரும் உண்டு. ஒருவர் சைவம், ஒருவர் கிறிஸ்தவம். கட்சிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் ஆறுதல். என் பெயர் பலகையில் இல்லை. நான் சேர்ந்தபோது இடம் போதாது என்றார்கள். பலகையின் வலது பாதி இன்றும் காலியாக இருக்கிறது. வருஷம் ஒருமுறை அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடிப்பார்கள்.

இடது பக்கம் ஒரு அடி

எங்கள் ஆபீஸ் சாமான்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. காலையில் சுவிட்ச் போட்டால், டீ குடித்து, பேப்பர் படித்து, இரண்டு கட்சிக்காரர்களின் குடும்ப வரலாற்றைக் கேட்டு முடித்த பிறகு சூடாகும். சூடானாலும் இடது விலாவில் ஒரு அடி கொடுக்க வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் என்பது பிள்ளை சாருக்கு மட்டுமே கைவந்த கலை. நான் அடித்தால் அது கோபித்துக்கொண்டு தாளை மென்றுவிடும்.

ஒரு ஃபேக்ஸ் மெஷின் இருந்தது. என் அனுபவத்தில் அதில் வந்த ஒரே செய்தி, வேறு யாருக்கோ போக வேண்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுப் பட்டியல். ஞானதாஸ் சார் அதைப் பொறுப்பாக ஃபைல் செய்து வைத்தார்.

ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பின்புறம் புடைத்த பழைய மாடல். சாரின் மனைவி பகவதி அக்கா தன் பழைய சேலையில் அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். உறையைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில் கையாலேயே ஒரு நோட்டீஸ் எழுதிவிடலாம்.

ஒரு ஸ்கேனரும் இருந்தது. எதை வைத்தாலும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக்கோடு போடும். ஆதாரம் என்று நாங்கள் சொல்லும் கிரயப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று என்று எதையும் அது இரண்டாகப் பாகம் பிரிக்காமல் விட்டதில்லை. பாகப்பிரிவினை வழக்குகளுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பிள்ளை சார் அதையும் நியாயப்படுத்தினார்.

கோர்ட்டில் இனி எல்லாம் ஆன்லைன்தான் என்று உத்தரவு வந்த பிறகுதான் எங்கள் ஆபீஸ் மெல்லக் கண் விழித்தது. அதற்குள் அக்கம்பக்கத்து வக்கீல்கள் எல்லாம் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

சந்தனமும் ஜெபமும்

புதிய சாமான்கள் வந்து இறங்கிய நாளில் அவற்றை யார் முதலில் ஆசீர்வதிப்பது என்று ஒரு சிறிய வழக்கு நடந்தது. கடைசியில் சமரசம். முதலில் ஞானதாஸ் சார் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பிரிண்டரின் மை உலராதிருக்கவும், கரண்ட் போகாதிருக்கவும், பிள்ளை சாரின் மனம் இளகவும் வேண்டிக்கொண்டார். பிறகு பிள்ளை சார் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டருக்கு நெற்றியில், பிரிண்டருக்கு மூடியில், புதிய ஸ்கேனருக்குச் சரியாகக் கண்ணாடியின் நடுவில்.

ஆகவே புதிய ஸ்கேனரில் நாங்கள் எடுத்த முதல் பிராது நெற்றியில் பொட்டோடு பிறந்தது. கோர்ட் ஆபீஸில் இதென்ன கறை என்று கேட்டார்கள். பிரசாதம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வழக்கு, ஆன்லைனில் தாக்கல் செய்யும் கணக்கை யார் பெயரில் திறப்பது என்பது. அந்தக் கணக்கில் ஒரு மனுவில் கையெழுத்துப் போட வேண்டுமானால், கணக்குக்காரரின் போனுக்கு ஓ.டி.பி. என்கிற ரகசிய எண் வரும். அதை அடித்தால்தான் மனு உள்ளே போகும். சீனியர் என்ற முறையில் பிள்ளை சார் பெயரில்தான் கணக்கு என்று முடிவாயிற்று. அதற்காகவே அவருக்கு ஒரு புதுப் போனும் வாங்கினோம். ஞானதாஸ் சார் தன் பட்டன் போனே போதும் என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார்.

"சார், எதுக்கும் என் பேரில ஒரு கணக்கும் இருக்கட்டுமே" என்று கேட்டேன்.

"உனக்கு என்னத்துக்கு மக்கா? அதான் நான் உண்டே" என்றார் பிள்ளை சார்.

பலகையில் இடம் போதாததைப் போல, இன்டர்நெட்டிலும் இடம் போதவில்லை போலும்.

அம்பாளும் ஆயுதங்களும்

எங்கள் பக்கத்துப் பூஜை வைப்பைப் பற்றி வடக்கே இருக்கிற வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் ஆயுதங்களையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை அவற்றைத் தொடக் கூடாது. வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. சின்ன வயதில் இதைவிட அருமையான சட்டத்தை நான் அறிந்ததில்லை.

பெரியவர்கள் ஆனதும் எல்லாரும் இதற்கு ஒரு நெளிவு சுளிவு கண்டுபிடித்துக்கொள்கிறோம். டீச்சர் ஒரு நோட்டை வைப்பார். ஆட்டோக்காரர் ஒரு ஸ்பானர் வைப்பார். ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷீபா, வேலை செய்யாத ஒரு கீபோர்டை வைத்துவிட்டுக் கடையைத் திறந்துவிடுவாள்.

பிள்ளை சாரிடம் இதெல்லாம் நடக்காது. அவர் அந்த நாட்களில் பஸ் போர்டைக்கூட வாசிக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். அந்த வருடம் புதிய கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் பூஜையறைக்குச் சுமக்க வைத்தார். சட்டப் புத்தகங்கள் அவற்றுக்கு மேல். கடைசியாகத் தன் புதுப் போனுக்கும் ஒரு பொட்டு வைத்துப் புத்தகங்களுக்கு நடுவில் செருகி, பட்டுத்துணியைப் போர்த்தினார்.

"சார், போன் வேண்டாம். பேருக்கு ஒரு புஸ்தகம் வச்சாப் போதாதா?"

"அம்பாளை ஏமாத்தப்பிடாது மக்கா. ஆயுதம்ணா எல்லாம் ஆயுதமாக்கும்."

இதில் ஒரு சிக்கல். அந்த வருடம் அஷ்டமி ஒரு நாள் முந்திக்கொண்டது. ஆயுதங்கள் எல்லாம் அம்பாளிடம் போன பிறகும் கோர்ட்டுக்கு இன்னும் ஒரு வேலை நாள் மிச்சம் இருந்தது. ஒரு நாள்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்றார் ஞானதாஸ் சார். சபை மூப்பர்கள் இப்படியெல்லாம் சொல்லக் கூடாது.

லீவில் நகரும் வேலி

மறுநாள் காலையில் ஆபீஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே லில்லிபாய் வாசலில் நின்றாள். ஆரியங்கோட்டுக்காரி. தையல் வேலை. வீட்டில் அவளும் அம்மையும்தான். அம்மைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ்.

அவள் வீட்டுக்குப் போகிற வழி ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரமாகப் போகிறது. ஆட்டோ ஒன்று கஷ்டப்பட்டுப் போகும். அவள் அம்மை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் வழி. தோட்டத்தைப் புதிதாக வாங்கியவருக்கு அந்த வழி பிடிக்கவில்லை.

"நேத்து ராத்திரி ஜே.சி.பி. கொண்டு வந்து நிறுத்திட்டாங்க சாரே. நாளைக்கு வெட்டுவாங்களாம். நாளைக்கு அம்மைக்கு ஆஸ்பத்திரி நாளாக்கும்" என்றாள் ஞானதாஸ் சாரிடம்.

எங்கள் பகுதியில் நில அளவையில் ஒரு விசித்திரம் உண்டு. வேலிகள் ஓணம் லீவிலும் பூஜை லீவிலும்தான் நகரும். கோர்ட் திறந்திருக்கிற நாட்களில் அவை மரியாதையாக நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தடை உத்தரவு வாங்காவிட்டால், கோர்ட் திறக்கும்போது அங்கே வழி இருக்காது, பள்ளம்தான் இருக்கும்.

பிள்ளை சார் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டார். மனுவை நான் எங்காவது தயார் செய்துவிடுவேன், ஓ.டி.பி. ஒன்று போதும், போனை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்றேன்.

"எடுக்கப்பிடாது மக்கா. எங்க அப்பா காலத்தில இருந்து நடு நாளில கை வச்சது இல்ல. வேற வழி பாரு."

"வேற வழி இருந்தா நான் இஞ்ச வருவேனா சாரே?" என்றாள் லில்லிபாய். அவள் சத்தம் போடவில்லை. வீட்டு ஆதாரம் இருந்த பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பிள்ளை சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜெராக்ஸ் மெஷின் எதிரில் இருந்திருந்தால் இரண்டு விலாவிலும் அடித்திருப்பேன். அதையும் பழைய விலைக்குப் போட்டாயிற்று.

பச்சைக்கோடு

புதிதாக என் பெயரில் கணக்கு திறந்தால் அதற்கு ஒப்புதல் வர நாளாகும். வேறு வக்கீலைப் பிடிக்கலாம் என்றால், அன்றைக்குப் பாதிப் பேர் குருவாயூரிலும் மீதிப் பேர் மூணாறிலும் இருந்தார்கள். எனவே ஞானதாஸ் சார் ஒரு திட்டம் சொன்னார். பூஜையறைக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. ஓ.டி.பி. வந்தால் போனின் முகப்பில் தானே தெரியும். தொட வேண்டாம், எட்டிப் பார்த்தால் போதும்.

"எனக்குப் பூஜையும் இல்ல, வாசிக்கப்பிடாதுண்ணு விலக்கும் இல்ல. நான் பாத்துச் சொல்லுகேன். நீ போய் மனுவ அடி."

நான் லில்லிபாயைக் கூட்டிக்கொண்டு ஷீபாவின் கடைக்கு ஓடினேன். மனுவை அடித்தேன். கையெழுத்து வாங்கினேன். ஆதாரத்தை ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். திரையில் வந்த படத்தில் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக்கோடு.

"ஷீபா, இந்த ஸ்கேனரு...?"

"உங்க ஆபீஸுக்கதாக்கும் அக்கா. பழைய சாமான்காரன்கிட்ட இருந்து வாங்கினேன். கோடு விழும், ஆனா சாவாது."

நானே சண்டை போட்டு வெளியே அனுப்பிய ஸ்கேனர். அம்பாளின் மடியில் உட்காரத் தகுதி இல்லாதபடியால் அது மட்டும் வேலை நாளில் வேலை செய்துகொண்டிருந்தது. கோட்டோடு ஏற்றினேன்.

பிறகு ஞானதாஸ் சாரைப் போனில் கூப்பிட்டு, ஓ.டி.பி. அனுப்பும் பட்டனை அழுத்தினேன்.

"டிங்ணு கேட்டுது" என்றார். "ஆனா ஒண்ணும் காணல்ல. பட்டுத்துணியாக்கும் தெரியுது."

புத்தகத்துக்கு நடுவில் அல்லவா செருகியிருக்கிறது. நேரம் கடந்து அந்த எண் காலாவதியாயிற்று. இரண்டாவது முறை அனுப்பினேன். இதற்குள் என் போன் வழக்கம்போலத் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. எல்லையோரத்தில் நாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சிக்னல் மாநிலம் விட்டு மாநிலம் போய்வரும். லைன் கட்டாயிற்று. மறுபடி லைன் கிடைப்பதற்குள் அந்த எண்ணும் போயிற்று.

மூன்றாவது முறையும் தவறினால் அன்றைக்குக் கணக்கைப் பூட்டிவிடும் என்று திரையில் சிவப்பில் வந்தது. லில்லிபாய் அதை வாசித்தாள். என் தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

விளக்குக்கு எண்ணெய்

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததைப் பகவதி அக்கா பின்னால் என்னிடம் சொன்னாள்.

பிள்ளை சார் முன்னறையில் பனை விசிறியோடு உட்கார்ந்திருந்தாராம். திறந்திருந்த பூஜையறைக் கதவு வழியாக ஜன்னலில் ஞானதாஸ் சாரின் தலை தெரிந்தது.

"ஓய் ஞானதாஸ், அங்ஙன என்ன பாக்கேரு?"

"உம்ம அம்பாளத்தான் பாக்கேன். லில்லிபாய்க்கு ஒரு வழி காட்டுவாளாண்ணு."

பிள்ளை சார் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். விளக்குக்கு எண்ணெய் விட வேண்டும் என்றார். பூஜையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது குப்பி கொண்டுபோனபடியே நிறைந்திருந்தது. அக்கா அதற்குச் சற்று முன்புதான் விளக்கை நிரப்பி வைத்திருந்தாளாம்.

எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. போனில் திடீரென்று ஞானதாஸ் சார் அலறியதுதான் கேட்டது.

"சுஜா! போன் நிக்குது மக்கா! விளக்கில சாஞ்சு என்னையே பாத்துகிட்டு நிக்குது! கர்த்தர் கிருபையாக்கும், அனுப்பு, சீக்கிரம் அனுப்பு!"

பட்டனை அழுத்தினேன். அவர் கோயிலில் வேதம் வாசிக்கிற அதே குரலில், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் சபையார் உட்கார நேரம் கொடுத்து வாசித்தார்.

"நாலு. ஏழு. ஏழு. ஒண்ணு..."

"சீக்கிரம் சார்!"

"மூணு. கடைசி எண்ணுக்கு மேல... எலே, சந்தனப் பொட்டாக்கும்!"

"பொட்டுக்கு அடியில என்ன தெரியுது?"

"கீழ ஒரு சுழி. மேலயும் ஒரு சுழி எட்டிப் பாக்குது. எட்டாக்கும். எட்டேதான்."

எட்டை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. அன்றைக்கு அந்த அறையைச் சுற்றிப் பல பேர் வேலையில் இருந்தார்கள். ஷீபாதான், "போச்சு அக்கா, உள்ள போச்சு" என்று என் முதுகில் தட்டினாள்.

அதன் பிறகு ஞானதாஸ் சாரின் காரில் நெய்யாற்றின்கரைக்குப் பறந்ததும், மதியம் கோர்ட்டில் வாதாடியதும், சாயங்காலம் தடை உத்தரவின் நகலைக் கையில் வாங்கியதும் சாதாரண வக்கீல் வேலை. அதை வர்ணித்தால் நான் திறமைசாலி என்று தெரிந்துவிடும்.

மறுநாள் காலை நானும் ஞானதாஸ் சாரும் ஆரியங்கோட்டுக்குப் போனோம். ஜே.சி.பி. மாலை போட்டு, குங்குமம் வைத்து, வழியின் வாயில் நின்றது. உத்தரவை டிரைவரிடம் நீட்டினேன்.

"பூஜ வச்சிருக்கு மேடம். நான் இப்ப ஒண்ணும் வாசிக்கப்பிடாது."

"வாசிக்கப்பிடாது, வழிய வெட்டலாமா?"

"வண்டிக்கு ஒரு பொட்டு போட்டாச்சு. அது போதும்."

ஞானதாஸ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு கண்ணாடியையும் மாட்டி, உத்தரவை முதல் வரியிலிருந்து கோர்ட் முத்திரை வரை உரக்க வாசித்தார். தோட்டத்து ஆள் ஒருவர் போனோடு தள்ளிப் போனார். திரும்பி வந்து டிரைவரிடம் கையைக் காட்டினார். ஜே.சி.பி. பின்வாங்கியது. அது விட்ட புகை அடங்குவதற்குள் லில்லிபாயின் வீட்டுப் பக்கமிருந்து ஆட்டோ வந்தது. உள்ளே அவள் அம்மை, தூசிக்காகச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தாள். எங்களை யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

முதல் எழுத்து

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தோம். பிள்ளை சார் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதினார். பிறகு போனை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, முகப்பில் கிடந்த செய்தியை வாசித்தார். அந்த வருடம் பூஜை எடுத்து அவர் வாசித்த முதல் எழுத்து அதுதான்.

"இந்த நம்பரை ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேண்ணு போட்டிருக்கு" என்றார். "நான் சொன்னேனா?"

"இல்ல சார். நீங்க விளக்குக்கு எண்ணெய்தான் விட்டீங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பகவதி அக்கா அவசரமாக அடுக்களைக்குப் போனாள். ஞானதாஸ் சார் அவல் தின்பதில் மும்முரமாக இருந்தார்.

கம்ப்யூட்டரை மறுபடி ஆபீஸுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். பிள்ளை சார் அதன் முன்னால் உட்கார்ந்து, கோர்ட்டின் தளத்தைத் திறந்து, புதிய கணக்கு என்ற இடத்துக்குப் போனார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, என் பெயரை அடித்தார். என் போன் நம்பரை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மனப்பாடமாக அடித்தார்.

என் கைப்பையில் போன் டிங் என்றது.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு சார். சொல்லட்டுமா?"

"சொல்லப்பிடாதுல்லா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை சார் நாற்காலியை விட்டு எழுந்து ஓரமாக நின்றார். "நீயே வந்து உக்காந்து போடு மக்கா."